டிராயரை மூடிவிட்டுப் பாருங்கள்

அடுப்பு பொருத்தி முடித்ததும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குகிற கார்டில், கடைசி வரியாக, "டிராயர், கதவு எல்லாம் மூடி வைத்துச் சோதித்தேன்" என்று இருக்கும். எங்கள் திருப்பதி ஷோரூம் கார்டில் மட்டும்தான் அந்த வரி உண்டு. வேறு கடை கார்டில் நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள், நெருப்பு அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடுகிற அடுப்பெல்லாம் வந்துவிட்டதே, இந்த வரி இன்னும் எதற்கு என்று கேட்டார்களாம். சர்வீஸ் இன்சார்ஜ் பத்மா மேடம் எனக்கு போன் செய்தார்.

"ஏழுமலை காரு, அந்த வரி உங்களுது. நீங்களே எழுதி அனுப்புங்க. நான் சொன்னா பாடம் மாதிரி இருக்குது."

நான் ஏழாவது வரை படித்தவன். எழுதினால் தப்பு வரும் என்று பயந்து மூன்று நாள் தள்ளிப்போட்டேன். எழுதாமல் விட்டு, யாரோ ஒருத்தர் அந்த வரியைப் படிக்காமலே டிக் போட்டு, அந்த வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்று அப்புறம் ஒரு பயம் வந்தது. முதல் பயத்தைவிட இரண்டாவது பெரிசாக இருந்ததால் எழுதுகிறேன்.

என் ஊர் நகரி. நைனா தறி ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் சித்தூரில் ஸ்டவ் ரிப்பேர் கடை ஒன்றில் சேர்ந்து, பதினைந்து வருஷம் பர்னர் கழுவினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கை கருத்தது, மூக்கு தேய்ந்தது, அவ்வளவுதான். கேஸிலேயே இருந்தால் கேஸ் வாசனை மூக்குக்குப் பழகிவிடும். அதனால் எங்கள் தொழிலில் மூக்கை நம்பக்கூடாது. கசிகிற இடத்தில் தடவினால் குமிழ் விடுகிற சோப்பு நுரையைத்தான் நம்ப வேண்டும்.

திருப்பதி ஷோரூமுக்கு வந்தபோதுதான் ஹாப் என்கிற அடுப்பைப் பார்த்தேன். பழைய அடுப்பு மேடைமேல் உட்கார்ந்திருக்கும். டியூப், கிளிப் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஹாப் அப்படியில்லை. மேடைக் கல்லில் பெரிய ஓட்டை வெட்டி, அதற்குள் அடுப்பை இறக்க வேண்டும். மேலே கண்ணாடி பளபளக்கும். வேலையெல்லாம் கீழே, அலமாரி இருட்டில் நடக்கும். புது வீடுகளில் அலமாரியையே அடுப்புக்கு ஏற்றபடி செய்துவிடுவார்கள். பழைய வீட்டில்தான் கஷ்டம். அங்கே அலமாரிதான் மூத்தது. அடுப்பு அப்புறம் வந்தது.

நான் பொருத்திய முதல் ஹாப்பே என்னைப் பயமுறுத்திவிட்டது. திருப்பதியில் ஒரு பெரிய குடும்பம். பொருத்தி முடித்ததும், புது அடுப்பாச்சே, பால் பொங்க வைக்க வேண்டும் என்றார்கள். சாமி படம் வந்தது, கண்ணாடிமேல் மஞ்சள் குங்குமம் வந்தது, பாத்திரம் நிறையப் பால் வந்தது. பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் சந்தோஷமாகக் கைகூப்பினார்கள். நான் மட்டும் குனிந்து பார்த்தேன். வழிந்த பால் பர்னருக்குள் இறங்கி நெருப்பை அணைத்திருந்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. பாத்திரம் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. அடுப்புக் குமிழைத் திருப்பி மூடினேன். "ஏன் அணைச்சிட்டீங்க, அபசகுனமாச்சே?" என்று ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டார். நான் அணைக்கவில்லை, பால்தான் அணைத்தது.

அன்றிலிருந்து எந்த வேலையை முடித்தாலும் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பேன். கிளிப்பை முறுக்கினேனா, ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்ததா என்று தெருமுனையில்தான் சந்தேகம் வரும். கூட வேலை செய்த சேகர் எனக்கு 'இன்னொரு தபா' என்று பேர் வைத்தான். ஷோரூமில் டீக்கடைக்காரர்கூட, "இன்னொரு தபாவுக்கு ஒரு டீ" என்றுதான் சொல்வார்.

பத்மா மேடம் மட்டும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சிரிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். வேலை முடிந்ததும் அந்த வீட்டிலிருந்தே அவருக்கு போன் செய்ய வேண்டும். மூன்று கேள்வி கேட்பார். "நுரை வந்துச்சா? அலமாரிக்குக் கீழ காத்துப் போக ஓட்டை இருக்குதா? இப்ப எந்தக் கதவு தெறந்திருக்குது?" பதில் சொன்ன பிறகு உடனே வைக்க மாட்டார். நாலு மூச்சு விடுகிற நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் மறந்தது ஞாபகம் வரும். "மேடம், ஒரு நிமிஷம்" என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "சரி" என்று வைத்துவிடுவார். 'பரவாயில்லை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

கீழே ஓட்டை எதற்கு என்று புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தண்ணீர்போலக் கீழே இறங்கித் தேங்கும். அலமாரியின் அடியில் ஓட்டை இருந்தால் வெளியே வழிந்துவிடும், வாசனையும் வெளியே தெரியும். ஓட்டை இல்லாத அலமாரியில் தேங்கிக்கொண்டே இருக்கும்.

இனி கிரேஸ் டீச்சர் வீட்டு விஷயம்.

சித்தூரில் தமிழ் பேசுகிற வீடுகளுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். டீச்சர் வீடு பழைய மிஷன் காலத்து வீடு. ஓடு, உயரமான சுவர், பின்பக்கம் ஒரு மாமரம். அவர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இறந்து ஆறு வருஷம். மகன் ஹைதராபாத்தில். அந்த மகன்தான் ஹாப்பை வாங்கி அனுப்பியிருந்தார்.

சமையல் மேடை கடப்பா கல். அதற்குக் கீழே தேக்கு அலமாரி. மேல்வரிசையில் ஆழமான மூன்று டிராயர், கீழ்வரிசையில் கதவுகள், ஓரக் கதவுக்குள் சிலிண்டர். டிராயர்களில் ஓர் ஆணிகூட இல்லை. பல்லுக்குப் பல் கோத்து அவர் வீட்டுக்காரரே செய்தது.

"கல்ல வேணா வெட்டிக்கோப்பா," என்றார் டீச்சர். "மரத்துல கை வெக்காத."

ஹாப் கல்லுக்குக் கீழே நான்கு விரல் இறங்கும். நடு டிராயர் சரியாக அதற்கு அடியில். கேஸ் டியூப் மாட்டுகிற மூக்கு பின்மூலையில், டிராயரின் முதுகுக்கு நேராக வந்தது. வேறு வீடாக இருந்தால் டிராயரின் பின்பக்கத்தை நான்கு விரல் அறுத்துவிட்டு, பலகையைத் திரும்ப அடித்திருப்பேன். டீச்சரிடம் சொன்னேன்.

"ஆறு மாசம் செஞ்சாருப்பா அத. நான் இஸ்கூல்லருந்து வந்தா எந்நேரமும் மரத்தூள்தான். நான் திட்டிக்கினே இருப்பேன்," என்றார். டிராயர்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போது மனைவி இறந்து இரண்டு வருஷம். அவள் துணி வைத்த இரும்புப் பெட்டியை நான் நகர்த்தக்கூட இல்லை. அதனால் அவர் கையைப் பார்த்ததும் ரம்பத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கல் வெட்டுவதை மட்டும் நன்றாகச் செய்தேன். கடப்பா கல் ஏடு ஏடாகப் பெயரும். பெட்டியில் வருகிற அட்டையை வைத்துக் கோடு போட்டு, கோட்டின்மேல் டேப் ஒட்டி, முதலில் நான்கு மூலையிலும் ஓட்டை போட வேண்டும். மூலையில் ஓட்டை இருந்தால் விரிசல் அதைத் தாண்டி ஓடாது. அப்புறம் தண்ணீர் விட்டுக்கொண்டே, கோட்டுக்கு உள்பக்கமாகவே வெட்டி, கடைசியில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். வெட்டிய துண்டு தானாக விழக்கூடாது, கீழே ஒருவர் தாங்க வேண்டும். டீச்சர்தான் முக்காடு போட்டுக்கொண்டு வந்து தாங்கினார். "கணக்குல ஒரு தபா செவ்வகம் போட்டா அழிச்சிக்கலாம், உன்னுது அழிக்க முடியாதே," என்றார்.

அலமாரிக்குக் கீழே ஓட்டை போட மட்டும் ஒப்புக்கொண்டார். "அடிப்பலகைய யாரு பாக்கப் போறா, போட்டுக்கோ." அதன்மேல் விரித்திருந்த பழைய பிளாஸ்டிக் தாளை நானே உரித்துப் போட்டுவிட்டு நான்கு ஓட்டை போட்டேன். டியூபைச் சுவரோரமாக ஒதுக்கிக் கிளிப் போட்டேன். காலி டிராயரை விரலால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன தடுப்புக்கட்டை இருந்தது. டிராயர் அதில் முட்டி நின்றது. டியூபுக்கும் டிராயருக்கும் ஒரு விரல் இடம் இருந்தது. நடு டிராயரை வெளியே எடுத்து வைத்து, தலையை உள்ளே விட்டு, சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.

"எந்தக் கதவு தெறந்திருக்குது?" என்று மேடம் கேட்டார்.

"கீழ் கதவு ரெண்டும். நடு டிராயர் வெளிய இருக்குது மேடம்."

நாலு மூச்சு. "சரி."

அது வெயில்காலம். மழைக்காலம் வந்ததும் டீச்சர் போன் செய்தார். "ஏழுமல, வாசன வருதுப்பா. காய் நறுக்கக் கீழ உக்காந்தா வருது."

போனேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். நடு டிராயரை எடுத்தேன், தலையை விட்டேன், கேஸைத் திறந்து நுரை தடவினேன். ஒன்றுமில்லை. ஆனாலும் கிளிப்பை மாற்றினேன். பத்து நாளில் திரும்பப் போன். டியூபை மாற்றினேன். மூன்றாவது போன். ரெகுலேட்டரை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் மேடத்திடம், டிராயர் வெளியே இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, நுரை இல்லை என்று சொன்னேன். மூன்று தடவை போயும் பழுது இல்லை என்றால் கம்ப்ளைன்ட்டை மூடிவிட வேண்டும் என்பது கடை வழக்கம். மேடம் மூடினார். "கம்ப்ளைன்ட்டத்தான் மூடினேன். போன் வந்தா எடுங்க," என்றார்.

நாலாவது தடவை லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒவ்வொரு தடவையும் நான் கேஸை மூடிவிட்டிருப்பேன் என்பதால் டீச்சர் கரண்டுக் கெட்டிலில் காப்பி போட்டுத் தருவார். மகன் பேச்சு, பள்ளிக்கூடப் பேச்சு, சர்ச்சில் பாட்டு எப்படிக் கெட்டுப்போனது என்ற பேச்சு. நான் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன். என் அறையில் அந்த இரண்டு வருஷமாக ரேடியோவைத் தவிர யாரும் பேசியதில்லை. வாசனை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். ஆனால் போன் அடித்தால் மனசு கொஞ்சம் லேசாகும். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சேகர் கண்டுபிடித்துவிட்டான். "தே பாரு, கெயவிக்குப் பேச ஆளு இல்ல. உனுக்கும் பேச ஆளு இல்ல. கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா காப்பி குட்சிக்கினு வா, பயந்துக்கினு இருக்காத."

"மெய்யாவே லீக்கா இருந்தா?"

"நாலு தபா தலய வுட்டுப் பாத்தியே, இருந்துச்சா? அத்த நம்புவியா, உன் பயத்த நம்புவியா?"

அது நியாயமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்துக்குப் பயப்படுவதை விட்டேன். அது இந்த விஷயமாகப் போயிற்று. அஞ்சாவது தடவை போனபோது பையிலிருந்து சோப்பு பாட்டிலைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன், காப்பி குடித்தேன், "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தெருமுனையில் நின்று திரும்பவும் இல்லை.

அதற்கப்புறம் போன் வரவில்லை.

ஒரு வாரம் நிம்மதி. இரண்டாவது வாரம் போனைக் கையில் எடுத்துச் சத்தம் வைத்திருக்கிறேனா என்று பார்த்தேன். கிறிஸ்துமஸ் வந்து போனது. கோபமா, ஊருக்குப் போய்விட்டாரா, உடம்புக்கு ஏதாவதா? நானே கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? வாசனை வருகிறதா என்று கேட்டால், இல்லாத பழுதை நானே கிளப்புவதுபோல ஆகும். நலம் விசாரிக்க நான் யார், அடுப்புக்காரன். இப்படியே நாளைத் தள்ளினேன்.

ஒரு நாள் புத்தலப்பட்டில் ஒரு வீட்டு வேலை. காலையிலேயே முடிந்துவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் திருப்பதி பஸ், அந்தப் பக்கம் நின்றால் சித்தூர் பஸ். திருப்பதி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையை ஆட்டினார். நான் ஏறவில்லை. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா, வா. உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். வாசன சுத்தமா போயிடுச்சுப்பா. கடைசியா வந்தியே, அன்னைக்கி என்னா பண்ண? அதுல சரியாயிடுச்சு."

கடைசித் தடவை நான் எதுவுமே செய்யவில்லை.

"உக்காரு, காப்பி போடறேன். இன்னைக்கி கெட்டில் வேணாம், உன் அடுப்புலயே போடறேன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். நான் செருப்புக்காலோடு ஓடினேன். சமையலறையில் அவர் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு லைட்டரைக் கையில் எடுத்திருந்தார்.

"டீச்சர்! அழுத்தாதீங்க!"

அதுவரை நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை. அவர் நின்றுவிட்டார். லைட்டரை வாங்கினேன். "ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. பின்கதவு வழியா மரத்தடிக்குப் போங்க." அவர் கேள்வி கேட்காமல் போனார். டீச்சர் வேலை பார்த்தவர், ஒரு சத்தத்தில் புரிந்துகொண்டார்.

அலமாரிக் கதவைத் திறந்தேன். தேய்ந்துபோன என் மூக்கிலேயே அறைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தேன். ஜன்னல், கதவு எல்லாம் திறந்தேன். அப்புறம்தான் கீழே பார்த்தேன். அடிப்பலகைமேல் புதுப் பிளாஸ்டிக் தாள். நீலப் பூ போட்டது. மூலைக்கு மூலை மடித்து, குண்டூசி குத்தி, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது. நான்கு ஓட்டையும் அதற்கு அடியில்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

"கிறிஸ்மஸ்க்குக் கிறிஸ்மஸ் மாத்துவோம்ப்பா," என்றார் டீச்சர் மெதுவாக. "சொவத்துக்கு வெள்ள, அலமாரிக்குப் புதுத் தாளு. எங்க சர்ச்சுக்காரங்க எல்லாரும் செய்யறதுதான்."

பழைய தாளை உரித்துப் போட்டது என் கை. வருஷத்துக்கு ஒரு தடவை புதுத் தாள் வரும் என்று அந்தக் கைக்குத் தோன்றவில்லை. வாசனை போகவில்லை. உள்ளேயே அடைந்துகொண்டது. அதுவரை சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுவாராம். வாசனைதான் இல்லையே என்று தைரியம் வந்து, முட்டி வலியில் குனிய முடியாமல், அன்று காலைதான் மூடாமல் விட்டிருக்கிறார்.

காற்று நன்றாகப் போய்வர விட்டு, சிலிண்டரைத் திரும்ப மாட்டினேன். இப்போது ஒன்று புரிந்திருந்தது. இத்தனை நாள் நான் சோதித்ததெல்லாம் நான் திறந்து வைத்த அலமாரியை. அவர் மூடி வைத்த அலமாரியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், சமையல் முடிச்சதும் தெனம் இன்னா செய்வீங்களோ, அத்த அப்பிடியே செய்யுங்க. நான் இல்லன்னு நெனச்சிக்குங்க."

நான் கீழ்க் கதவு வழியாக மல்லாந்து படுத்து, உள்ளே நுழைந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடித்துக்கொண்டேன். கிளிப்பில் நுரை தடவியிருந்தது. மேலே டீச்சர் இரும்புத் தோசைக்கல்லை நடு டிராயரில் வைக்கிற சத்தம். ஆப்பச் சட்டி. சப்பாத்திக் கட்டை. அப்புறம் இடுப்பால் ஓர் இடி. பாரத்தோடு வந்த டிராயர், தேய்ந்துபோன தடுப்புக்கட்டைமேல் ஏறித் தாண்டி, இன்னும் அரை அங்குலம் உள்ளே வந்தது. அதன் முதுகு டியூபைத் தள்ளியது. டியூப் மூக்கில் லேசாகச் சாய்ந்தது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளிப்பின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழ். அது மிளகு ஆயிற்று. நெல்லிக்காயாயிற்று. உடைந்தது. அடுத்தது வந்தது.

"டிராயர இழுங்க."

இழுத்தார். டியூப் நிமிர்ந்தது. நுரை அப்படியே நின்றது.

"தள்ளுங்க."

குமிழ் வந்தது.

நான் தலையை விடுவதற்காக டிராயரை வெளியே எடுத்ததும் லீக் நின்றுவிடும். போன தடவைகளெல்லாம் பழுதை நானே நிறுத்திவிட்டு, பழுது இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். மழைக்காலத்தில் மரம் உப்பி டிராயர் இறுகியதால் அவர் கையால் தள்ளாமல் இடுப்பால் இடிக்க ஆரம்பித்தார். வாசனையும் அப்போதுதான் ஆரம்பித்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வெளியே வந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து சொன்னேன். "தப்பு என்னுது டீச்சர். முதல் நாளே அறுத்திருக்கணும். நீங்க கூப்ட்டது மெய்தான். நான்தான் நீங்க சும்மா கூப்டறீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினேன்," என்றார். "பையன் சொன்னான், 'உனுக்குத் தனியா இருக்கறதால தோணுதும்மா'ன்னு. இருக்கும்னு உட்டுட்டேன்."

பிறகு நடு டிராயரை அவரே கழற்றி, தோசைக்கல்லை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, என் முன்னால் கவிழ்த்து வைத்தார். "அறு. அந்த மனுஷன் இருந்திருந்தா அவரே அறுத்திருப்பாரு. அளவு சரியில்லன்னா அவருக்குத் தூக்கம் வராது."

நான்கு விரல் அறுத்தேன். அறுக்கும்போது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மரத்தூளை மட்டும் அவரே கூட்டி, ஒரு காகிதத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டேன். "வாசன நின்ன அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமே டீச்சர்."

"வாசன இல்லன்னு சொல்றதுக்கு யார்னா போன் பண்ணுவாங்களாப்பா?"

"நீங்க பண்ணுங்க."

மேடத்திடம் அன்றே நேரில் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். முழுவதும் கேட்டார். பழைய நாலு கார்டையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். "எந்தக் கதவு தெறந்திருக்குதுன்னு நாலு தபா கேட்டேன். நடு டிராயர் வெளிய இருக்குதுன்னு நாலு தபாவும் நீங்க சரியாத்தான் சொன்னீங்க. கேட்டவளுக்கும் புரியல." காரணம் என்ற இடத்தில் என்னையே எழுதச் சொன்னார். 'பொருத்தியவர் தவறு' என்று எழுதினேன். கார்டை வாங்கி, அதற்குப் பக்கத்தில் 'இன்சார்ஜ் தவறும்' என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரவாயில்லை என்று அன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்து அச்சடித்த கார்டில் அந்தக் கடைசி வரி வந்தது.

ஆகவே புதிதாக வந்தவர்களுக்கு: நெருப்பு அணைந்தால் நிற்கிற கேஸ், அடுப்புக்கு உள்ளே வந்துவிட்ட கேஸ்தான். அதற்கு முன்னால், டியூபில் கசிவதை எந்த அடுப்பும் நிறுத்தாது. வீட்டுக்காரர் எப்படி மூடுவாரோ அப்படி மூடச் சொல்லி, சாமானோடு மூடச் சொல்லி, அப்புறம் பாருங்கள். கம்ப்ளைன்ட் நின்றுவிட்டால் பழுது நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். பத்து நாள் கழித்து நீங்களே ஒரு போன் செய்யுங்கள். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் செய்யுங்கள்.

டீச்சர் நான் சொன்னபடி செய்தார். மாசம் பிறந்தால் முதல் நாள் காலை போன் வரும். "வாசன இல்ல ஏழுமல." "சரிங்க டீச்சர்." அவ்வளவுதான், வைத்துவிடுவார். சில மாசம் கூடுதலாக ஒரு வார்த்தை வரும். "மா பூத்திருக்குது." "முட்டிக்கு ஊசி போட்டாங்க." இரண்டரை வருஷம், ஒரு மாசம்கூடத் தப்பவில்லை. அப்புறம் மகன் வந்து ஹைதராபாத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். போன புதிதில் ஒரு தடவை கூப்பிட்டார். "இங்க கேஸே இல்லப்பா. எல்லாம் கரண்டு அடுப்பு. உங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல." சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் கூப்பிட அவருக்குக் காரணம் இல்லை. எனக்கும் இல்லை.

நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. திருப்பதியில் அதே அறை. இரண்டு பர்னர் அடுப்பு. மேடைக்குக் கீழே ஒரு சின்னப் பலகைக் கதவு. போன மாசம் முதல் தேதி, சமைத்து முடித்து, எல்லாம் மூடிவிட்டு, நுரை தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தேன்.

"இன்னா நைனா, ஒடம்புக்கு எதுனாவா?"

"அதெல்லாம் இல்லம்மா. வாசன இல்ல. அத்தச் சொல்லலாம்னு."

"இன்னா வாசன?"

"கேஸு."

"கேஸ் லீக் ஆவுதா?"

"ஆவலம்மா. ஆவலன்னுதான் சொல்றேன்."

"இல்லாததுக்கா போன் பண்ண?" என்று சிரித்துவிட்டு, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். செய்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் அவளே கூப்பிட்டாள். "இப்பவும் இல்லயா நைனா?"

"இரும்மா," என்று போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனேன். கதவை மூடி, குனிந்து, இன்னொரு தபா பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.